கவிழ்ந்த உடலும் திரும்பும் இரத்தமும்



ஆண்டுதோறும் நிகழும் இச்சொற்பொழிவுக்கு மயக்க மருத்துவத் துறையிலிருந்து ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுமாறு என்னைப் பணித்தபோது, புதிய மருந்துகளைப் பற்றியோ புதிய யந்திரங்களைப் பற்றியோ பேசாமல், மருந்தும் அல்லாத, யந்திரமும் அல்லாத, ஆயினும் அவ்விரண்டுக்கும் சற்றும் குறையாமல் நோயாளியின் ஜீவனோடு சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தேன். முதுகெலும்பில் சஸ்திர சிகிச்சை செய்துகொள்ளும் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திய பின் குப்புறக் கவிழ்த்துப் படுக்கவைக்கிறோம் அல்லவா, அச்செயல் அவருடைய இரத்த ஓட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதே இன்றைய பொருள். உடலைக் கிடத்துவதும் ஒரு சிகிச்சைதான். மருந்துக்கு உள்ளது போலவே அதற்கும் பலன் உண்டு, அளவு உண்டு, அபாயம் உண்டு. ஆகையால் மருந்தைக் கையாளும் அதே சிரத்தையோடு அதையும் கையாள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த எண்ணத்துக்கு ஆதாரமாக உள்ளவற்றை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதுகெலும்பின் பின்புறத்தை அடைவதற்கு உடலைக் கவிழ்ப்பதைப் போல வசதியான மார்க்கம் வேறில்லை. 1887ஆம் ஆண்டில் லண்டன் குவீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில், வில்லியம் கவர்ஸ் என்னும் நரம்பியல் மேதை நோய் இருக்குமிடத்தை நிர்ணயிக்க, விக்டர் ஹார்ஸ்லி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்த கட்டியொன்றை அகற்றி நோயாளியை மீண்டும் நடக்கச் செய்தார். 1934இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் பிதுங்கிய வட்டுதான் கால்வழி இறங்கும் வலிக்குக் காரணம் என்று காட்டியதிலிருந்து, முதுகைத் திறப்பது அபூர்வமான காரியமாக இருந்த நிலை மாறி, அன்றாடக் காரியமாயிற்று. நம் நாட்டில் 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், அதற்கு அடுத்த ஆண்டு சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் நரம்புச் சஸ்திர சிகிச்சைக்குத் தனித்துறை கண்டனர். 1962இல் ஹூஸ்டன் நகரத்துப் பால் ஹாரிங்டன், இளம்பிள்ளைவாதத்தால் வளைந்துபோன குழந்தைகளின் முதுகை உலோகத் தண்டுகளால் நிமிர்த்தும் தம் முறையை வெளியிட்டார். இவற்றின் பயனாக, ஒரு மணி நேரத்தில் முடிந்த சிகிச்சைகளோடு, நான்கு மணி, ஆறு மணி, சில சமயம் அதற்கும் மேற்பட்ட நேரம் நீடிக்கும் சிகிச்சைகளும் வந்து சேர்ந்தன. அவ்வளவு நேரமும் நோயாளி கவிழ்ந்தபடியே கிடக்கிறார் என்பதுதான் நம்முடைய கவலை.

இரவில் குப்புறப் படுத்து நிம்மதியாகத் தூங்கும் பழக்கமுடையவர்கள் அநேகர் உண்டே, அவர்களுக்கு என்ன கெட்டுவிட்டது என்று கேட்கத் தோன்றும். தூங்குகிறவருடைய சரீரம் தன்னைத் தானே காவல் செய்துகொள்கிறது. கை மரத்தால் புரண்டு படுக்கிறது. வயிறு அழுந்தினால் இடுப்பை ஒருபுறம் தூக்கிக்கொள்கிறது. இரத்தக்குழாய்களை வேண்டும்போது சுருக்கியும் வேண்டாதபோது தளர்த்தியும் சமநிலையைக் காக்கும் நரம்பு மண்டலம் தூக்கத்திலும் விழித்தே இருக்கிறது. மயக்கத்தில் உள்ளவருக்கோ இவை யாவும் நம்மாலேயே அகற்றப்பட்டிருக்கின்றன. தசைகளைத் தளர்த்தும் மருந்தினால் வயிற்றுச் சுவர் வலுவிழந்திருக்கிறது. நரம்புகளின் எதிர்வினை மந்தப்பட்டிருக்கிறது. சுவாசமோ, மார்பு விரிந்து காற்றை உள்ளே இழுக்கும் இயற்கையான முறையில் அல்லாமல், யந்திரம் காற்றை அழுத்தி உட்செலுத்தும் முறையில் நடக்கிறது. அவர் தமக்காகச் செய்துகொள்ள முடியாத ஒவ்வொன்றையும் நாமே அவருக்காகச் செய்தாக வேண்டும்.

இரத்த ஓட்டத்தைப் பற்றி நினைக்கும்போது நம் மனம் இருதயத்தையும், அதிலிருந்து வெளிப்படும் தமனிகளையுமே முதலில் நாடுகிறது. ஆனால் இருதயம் தனக்கு வந்து சேர்ந்த இரத்தத்தைத்தான் வெளியே அனுப்ப முடியும். வராத இரத்தத்தை அனுப்ப அதற்கு எந்த சக்தியும் இல்லை. ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க், இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகியோர் ஆராய்ந்து நிறுவிய விதி இதுதான்: இருதயத்தின் அறைகள் நிரம்பும் அளவுக்கேற்பவே அதன் துடிப்பின் வலிமை அமைகிறது. உடலில் உள்ள இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. அச்சிரைகளின் சுவர் மெல்லியது. தமனிகளில் பாதரச அளவில் 90, 100 மில்லிமீட்டர் என்று இருக்கும் அழுத்தம் பெரிய சிரைகளில் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிவிடுகிறது. தமனியை அமுக்க விரலின் பலம் முழுவதும் வேண்டும்; சிரையை அமுக்க விரலை மெல்ல வைத்தாலே போதும். இவ்வளவு எளிதில் தடைப்படக்கூடிய பாதையின் வழியாகத்தான் இருதயத்துக்குரிய இரத்தம் முழுவதும் திரும்பியாக வேண்டும்.

இடுப்புக்குக் கீழேயிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் இரத்தத்தைச் சுமக்கும் கீழ்ப்பெருஞ்சிரை, முதுகெலும்பின் முன்புறத்தில் சற்று வலப்பக்கமாக எலும்பை ஒட்டியே மேலேறுகிறது. அதற்குப் பின்னால் அசையாத எலும்பு. முன்னால் வயிற்றின் உள்ளுறுப்புகள். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் இச்சிரையை எலும்போடு சேர்த்து அமுக்குவதால் அவருக்குத் தலை சுற்றி இரத்த அழுத்தம் தாழ்வதையும், இடப்புறமாக ஒருக்களித்தவுடனே அது சீராவதையும் பிரசவ அறையில் பணிபுரிந்த ஒவ்வொருவரும் கண்டிருப்பர். நோயாளியைச் சமதளமான மேஜையில் கவிழ்த்தால் இதையொத்த நிலையே உண்டாகிறது. மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றின் முழுப் பாரமும் வயிற்றின் மேல் இறங்க, வயிறு முதுகெலும்பை நோக்கி உள்ளே தள்ளப்பட, இடையில் அகப்பட்ட சிரை நசுங்குகிறது.

நசுங்கினால் அவ்வளவு இரத்தமும் எங்கே போகிறது? பெரிய வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் தண்ணீர் அதன் பின்னால் தேங்கி, பக்கத்துக் கிளைக்கால்களையெல்லாம் நிரப்பிக்கொண்டு வேறு வழியாக வயலுக்குப் போய்ச் சேர்வதைப் போல, இரத்தமும் கிளைவழி ஒன்றைத் தேடிக்கொள்கிறது. அந்தக் கிளைவழி முதுகெலும்பின் உள்ளும் புறமும் படர்ந்துள்ள சிரைப் பின்னல். பிரெஞ்சு உடற்கூற்று நிபுணர் கில்பெர்ட் பிரெஷே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அதை அழகிய சித்திரங்களாக வரைந்து வைத்திருந்தார். அதன் பயன் என்ன என்று விளங்காமல், நூறாண்டுக்கு மேலாக அச்சித்திரங்கள் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தன.

அவற்றுக்குப் பொருள் கண்டவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து உடற்கூற்றுப் பேராசிரியர் ஆஸ்கர் பேட்சன். அவர் தேடியது மயக்க மருத்துவத்துக்குரிய விடை அன்று. புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய், நுரையீரலைத் தொடாமலே முதுகெலும்புக்கு எப்படிப் போகிறது என்பதே அவருடைய கேள்வி. பிரேதங்களின் பிறப்புறுப்புச் சிரையில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்திப் படமெடுத்தபோது, அது கீழ்ப்பெருஞ்சிரையோடு நின்றுவிடாமல் முதுகெலும்பின் சிரைகளிலும் ஏறியிருக்கக் கண்டார். பிறகு உயிருள்ள குரங்குகளில் அதே பரீட்சையைச் செய்தார். வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டியபோது, திரவம் கீழ்ப்பெருஞ்சிரையை விட்டு விலகி முதுகுச் சிரைகளின் வழியாக மேலேறிற்று. இந்தப் பின்னலில் தடுக்கிதழ்கள் இல்லை. ஆகையால் அழுத்தம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இரத்தம் தாராளமாகப் போகும், வரும். 1940இல் வெளியான அக்கட்டுரையில் வயிற்றைக் கட்டிய அந்தப் பரீட்சையைப் படிக்கும்போதெல்லாம், நாம் நோயாளியைத் தட்டையான மேஜையில் கவிழ்க்கும் செயலே எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே துணியால் கட்டினார்கள், இங்கே நோயாளியின் சொந்தப் பாரத்தாலேயே கட்டுகிறோம்.

இதனால் விளையும் தீங்கு இரண்டு. சஸ்திர சிகிச்சை நிபுணர் கத்தி வைக்கப்போகும் இடம் அந்தச் சிரைப் பின்னல் சூழ்ந்த இடமே. அது புடைத்து நிரம்பியிருந்தால், எலும்பைத் திறந்தவுடன் இரத்தம் ஊற்றெடுத்து, நரம்பின் வேர் எது, வட்டு எது என்று புலப்படாதபடி மறைத்துவிடும். இது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. ஆகையால்தான் இதற்குப் பரிகாரம் முதலில் தேடப்பட்டது. மற்றது கண்ணுக்குத் தெரியாதது. கிளைவழி எவ்வளவு விரிந்தாலும் பெருவழிக்கு ஈடாகாது. இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது. இந்த இரண்டாவது தீங்கைப் பற்றி மருத்துவ உலகம் சிந்திக்கத் தொடங்கியது வெகு காலம் கழித்தே.

முதல் தீங்குக்குப் பரிகாரம் டொராண்டோ நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அங்கே மயக்க மருந்து நிபுணர் ரெல்டனும் எலும்புச் சஸ்திர சிகிச்சை நிபுணர் ஹாலும் சேர்ந்து, ஹாரிங்டன் முறையில் முதுகை நிமிர்த்தும்போது குழந்தைகள் இழக்கும் இரத்தத்தைக் குறைக்க வழி தேடினர். 1967இல் அவர்கள் வெளியிட்ட சாதனம் பார்வைக்கு மிக எளியது: உட்புறம் சாய்வாக அமைந்த நான்கு மெத்தைத் தாங்கிகள், இரண்டு மேல்மார்பின் இருபுறத்தையும், இரண்டு இடுப்பெலும்பின் முன்விளிம்புகளையும் தாங்க, நடுவில் வயிறு எதன்மேலும் படாமல் தொங்கும். வயிற்றின் பாரம் முதுகெலும்பை நோக்கி உள்ளே போவதற்குப் பதிலாகப் பூமியை நோக்கிக் கீழே போகிறது, சிரை திறந்துகொள்கிறது, பின்னல் காலியாகிறது. இந்த ஒரு காரியத்துக்கு ஒரு மயக்க மருந்து நிபுணரும் ஒரு சஸ்திர சிகிச்சை நிபுணரும் கூடி உழைத்தார்கள் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். படுக்கவைப்பது யாருடைய வேலை என்ற விவாதம் இன்னும் பல அரங்குகளில் ஓயவில்லை.

அதன் பின் பலவகைச் சட்டங்கள் வந்தன. இரு நீண்ட வளைவுகளாக அமைந்த வில்சன் சட்டம், மண்டியிட்ட நிலையில் தாங்கும் ஆண்ட்ரூஸ் சட்டம், நடுவில் பலகையே இல்லாமல் தாங்கிகள் மட்டும் உள்ள ஜாக்சன் மேஜை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒரே வில்சன் சட்டத்தின் தாங்கிகளை அகலமாக வைத்தவர்களையும் நெருக்கமாக வைத்தவர்களையும் ஒப்பிட்டு, அகலமாக வைத்தவர்களுக்கு வயிற்றினுள் அழுத்தமும் குறைவு, இரத்த இழப்பும் குறைவு என்று கண்டது. விலையுயர்ந்த சாதனம் இருப்பதனாலேயே வயிறு விடுபட்டுவிடாது. வைக்கும் விதத்தில் வைத்தால்தான் விடுபடும். சாதனங்கள் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கம்பளிகளை இறுகச் சுருட்டி நெடுக்காக இருபுறமும் வைத்துக் காரியம் நடத்துகிறார்கள். அது சரியாக வைக்கப்பட்டால் எவ்விதத்திலும் குறைந்ததன்று. சரியாக இருக்கிறதா என்று அறிய யந்திரம் வேண்டியதில்லை. துணி போர்த்துவதற்கு முன் மயக்க மருந்து நிபுணர் தம் கையை மேஜைக்கும் நோயாளியின் வயிற்றுக்கும் இடையே செலுத்தித் தடவிப் பார்க்க வேண்டும். பருத்த சரீரமுடையவர்களிடம் இதை இருமுறை செய்வது நல்லது. மல்லாந்திருக்கையில் தட்டையாகத் தெரிந்த வயிறு கவிழ்ந்ததும் மேஜையைத் தொட்டுவிடும்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது தீங்குக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர்நிலை இதுதான்.

இரத்த அழுத்தம் என்பது ஓட்டத்தின் அளவும், குழாய்களின் எதிர்ப்பும் சேர்ந்து பிறக்கும் எண். ஓட்டம் குறைந்து எதிர்ப்பு அதே விகிதத்தில் கூடினால் எண் மாறாது. கவிழ்க்கப்பட்ட நோயாளியின் உடலில் நிகழ்வது பெரும்பாலும் இதுவே. 1985இல் பேக்கோஃபனும் ஷௌபிளும் இருதய நோயோ நுரையீரல் நோயோ உடைய நோயாளிகளை மயக்கத்தில் கவிழ்த்து அளந்து பார்த்தபோது, இருதயம் ஒரு நிமிஷத்தில் வெளியேற்றும் இரத்தம் சராசரியாகச் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குழாய்கள் சுருங்கி எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டதால் சராசரி இரத்த அழுத்தமோ ஏறக்குறைய முன்போலவே இருந்தது. நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ஓடவேண்டிய இடத்தில் நாலுக்கும் குறைவாக ஓடிக்கொண்டிருக்க, திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து அரங்கிலுள்ள யாவரும் திருப்தியோடு இருக்கக்கூடும். சிறுநீரகமும் குடலும் தோலும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு அந்த எண்ணைக் காப்பாற்றுகின்றன என்பதை அந்த எண் நமக்குச் சொல்வதில்லை. இரத்த அழுத்தத்தை அளப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அதை மட்டும் அளந்துவிட்டு இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பெரும் பிழை என்றே சொல்கிறேன்.

சாதனத்துக்குச் சாதனம் இது வேறுபடுகிறது. மயக்கமே கொடுக்கப்படாத ஆரோக்கியமான தொண்டர்களை வெவ்வேறு கவிழ்நிலைகளில் கிடத்திப் பார்த்த 1996ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முழங்காலை மடக்கி மார்பை ஒட்டி வைக்கும் நிலையில் ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்நிலையில் வயிறு என்னவோ விடுபட்டுத்தான் இருக்கிறது, ஆனால் கால்கள் இருதயத்துக்குக் கீழே மடங்கியிருப்பதால் இரத்தம் அங்கே தங்கிவிடுகிறது. உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கி இருதயத்தையே ஒலியலைகளால் படம்பிடித்து ஐந்து வகைச் சாதனங்களை ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஜாக்சன் மேஜையும், நெடுக்காக வைக்கப்படும் சாதாரணத் திண்டுகளுமே இருதயத்தின் செயலை மிகக் குறைவாகப் பாதித்தன. மாவட்ட ஆஸ்பத்திரியின் கம்பளிச் சுருளைக் குறித்து நான் சற்று முன் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மருந்துக்கும் இதில் பங்குண்டு. முதுகெலும்பு சிகிச்சையின்போது தண்டுவடம் பழுதுபடுகிறதா என்று அறிய, மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டிக் கால் தசைகளில் அதன் எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். சுவாசத்தின் வழி செலுத்தும் மயக்க ஆவிகள் அந்த எதிரொலியை மங்கச் செய்வதால், சிரைவழி புரோபோஃபால் மருந்தைச் சொட்டுச்சொட்டாகச் செலுத்தும் முறையே இங்கு விரும்பப்படுகிறது. ஆனால் 2006இல் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டபோது, கவிழ்த்தவுடன் ஐசோஃபுளுரேன் ஆவி பெற்றவர்களுக்கு ஓட்டம் 13 விழுக்காடு குறைய, புரோபோஃபால் பெற்றவர்களுக்கு 26 விழுக்காடு குறைந்தது. அதோடு, ஓட்டம் மந்தப்பட்டால் அம்மருந்து கல்லீரலுக்குப் போய்ச் சிதைவதும் மந்தப்படுகிறது. செலுத்தும் வேகத்தை மாற்றாமலே இரத்தத்தில் அதன் செறிவு ஏறுகிறது. ஏறிய செறிவு ஓட்டத்தை மேலும் தாழ்த்துகிறது. தண்டுவடத்தைக் காக்கத் தேர்ந்த முறையே தண்டுவடத்துக்குரிய இரத்தத்தைக் குறைக்கும் நிலை வரலாம். இதற்காக அம்முறையைக் கைவிட வேண்டியதில்லை. கவிழ்த்த முதல் கால் மணி நேரத்தில் மருந்தின் வேகத்தைக் குறைத்து, நோயாளியின் மயக்க ஆழத்தை மூளை அலைப் பதிவினால் கவனித்து, தேவையானால் குழாய்களைச் சுருக்கும் மருந்தைத் துணையாகச் சேர்ப்பதே விவேகம்.

தண்டுவடத்தின் விஷயத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. எந்த உறுப்புக்கும் இரத்தத்தைச் செலுத்தும் சக்தி, உள்ளே வரும் தமனியின் அழுத்தத்துக்கும் வெளியே போகும் சிரையின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே. வயிறு அமுங்கினால் தண்டுவடத்தைச் சூழ்ந்த சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. இருதயத்தின் ஓட்டம் குறைவதால் தமனியின் அழுத்தம் தாழக்கூடும். வித்தியாசம் இருபுறமும் நெருக்குண்டு சுருங்குகிறது. இரத்த இழப்பைக் குறைப்பதற்காக இரத்த அழுத்தத்தையே வேண்டுமென்று தாழ்த்தி வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் முதுகெலும்பு சிகிச்சையில் பெருமையோடு அனுசரிக்கப்பட்டது. ஆனால் சிரைப் பின்னலிலிருந்து ஊறும் இரத்தத்தை ஆள்வது சிரையின் அழுத்தம். அதற்குரிய மருந்து வயிற்றை விடுவிப்பது. தமனியின் அழுத்தத்தைத் தாழ்த்தி அதை அடக்க முயல்வதால் தண்டுவடத்துக்கும் கண்ணுக்கும் போகும் இரத்தத்தையும் சேர்த்துக் குறைக்கிறோம். அவ்வழக்கம் குறைந்து வருவது எனக்கு மிகுந்த ஆறுதல் அளிக்கிறது.

கண்ணைப் பற்றிச் சொன்னேன். முதுகு வலிக்காகச் சிகிச்சைக்கு வந்தவர் விழித்தெழும்போது பார்வையை இழந்திருப்பது மிக அபூர்வம். ஆனால் நேர்ந்தால் அதற்குப் பரிகாரமில்லை. அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 1999இல் இத்தகைய சம்பவங்களைத் திரட்ட ஒரு பதிவேட்டைத் தொடங்கிற்று. அதிலிருந்து முதுகெலும்பு சிகிச்சை செய்துகொண்ட 93 பேருடைய விவரம் 2006இல் வெளியாயிற்று. கண்கோளம் நேரே அமுக்கப்பட்டதால் வந்தது என்று நாம் அதுவரை அஞ்சிக்கொண்டிருந்த விழித்திரைத் தமனி அடைப்பு பத்துப் பேருக்கே. மற்ற 83 பேருக்கும் கண் நரம்புக்கே இரத்தம் போதாமையால் பார்வை போயிருந்தது. அந்த 83 பேரில் 96 விழுக்காட்டினருக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ இரத்த இழப்பு, அல்லது ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ மயக்கம் இருந்திருக்கிறது. 2012இல் அதே பதிவேட்டினர், இந்த இழப்பு நேராத நோயாளிகளோடு ஒப்பிட்டு, ஆண்களாயிருத்தல், உடல் பருமன், நீண்ட நேரம், இரத்த இழப்பு ஆகியவற்றோடு வில்சன் சட்டத்தையும் அபாயக் காரணங்களில் சேர்த்தனர். அச்சட்டத்தில் முதுகு வளைந்து உயர, தலை இருதயத்துக்குக் கீழே தாழ்கிறது. முகமும் கண்குழியும் சிரை இரத்தத்தால் வீங்குகின்றன. கண் நரம்பின் மெல்லிய இரத்தக்குழாய்கள் அந்த வீக்கத்தில் நெருக்குண்கின்றன. வயிற்றை விடுவித்த சாதனமே தலையைத் தாழ்த்திவிட்டது. ஆகையால் நீண்ட சிகிச்சைகளில் தலை இருதயத்தின் மட்டத்திலோ சற்று மேலோ இருக்குமாறு மேஜையைச் சாய்ப்பது இன்று விதியாகிவிட்டது. முகம் பஞ்சு மெத்தையில் இருந்தாலும், கண்கள் அழுந்தவில்லை என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடலாகாது. கை மடக்கு, தொடையின் மடிப்பு, கழுத்தின் திருப்பம் ஆகிய இடங்களில் குழாய்கள் நெருக்குண்பதும் உண்டு. கைகளைத் தோளுக்கு மேல் ஏற்றாமலும், தாங்கி தொடைத் தமனியின் மேல் படாமலும், கழுத்தைத் திருப்பாமலும் வைத்தால் அவை பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

கவிழ்ந்த நிலையே சரீரத்துக்குப் பகை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வயிறு தடையின்றித் தொங்கினால் நுரையீரலின் பின்பகுதி விரிகிறது. 1995இல் இத்தாலியில் பெலோசி குழுவினர் மயங்கிய நோயாளிகளில் அளந்தபோது, மூச்சு வெளிவிட்ட பின் நுரையீரலில் எஞ்சும் காற்று 1.9 லிட்டரிலிருந்து 2.9 லிட்டராக உயர்ந்தது. மூச்சுத் திணறல் முற்றிய நோயாளிகளை நாளொன்றுக்கு 16 மணி நேரமாவது கவிழ்த்து வைத்த பிரெஞ்சு ஆய்வு, 2013இல், 28 நாளில் மரணம் 32.8 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைந்ததைக் காட்டியது. கொரோனாக் காலத்தில் அந்த அறிவு எண்ணற்ற உயிர்களுக்குத் துணை நின்றது. அதே போல, சிரையின் அழுத்தத்தைத் தாழ்த்துவதில் மட்டுமே நோக்காக இருப்பதும் முழு விவேகமாகாது. காயம் இருதயத்துக்கு மேலாக உயர்ந்திருந்து, சிரையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போய்விட்டால், திறந்த சிரைகளும் எலும்பின் வெட்டுவாயும் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூச்சில் வெளிவரும் கரியமிலவாயுவின் அளவு திடீரென்று சரிவது அதற்கு முதல் எச்சரிக்கை. அந்த அளவின் வீழ்ச்சி, நான் முன்னே சொன்ன ஓட்டக் குறைவையும் மறைமுகமாக அறிவிக்கும். எந்த எளிய ஆஸ்பத்திரியிலும் உள்ள இந்தக் கருவியை இரத்த அழுத்த எண்ணுக்கு அடுத்தபடி வைத்துப் படிக்க மாணவர்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

கவிழ்க்கும் அந்த ஓரிரு நிமிஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்போது சுவாச யந்திரத்தின் இணைப்பும் கம்பிகளும் கழற்றப்படுகின்றன. மயக்கம் ஆழமாக இருக்கிறது. பட்டினி கிடந்த உடலில் நீர்மம் குறைந்திருக்கிறது. கால்கள் ஒரு கணம் தாழ்கின்றன. நாடியின் வேகம் கூடாமலே அழுத்தம் சரிவது அப்போதுதான். முன்னதாகவே வேண்டிய நீர்மத்தைக் கொடுத்து, தமனியில் குழாய் வைத்திருந்தால் அதன் இணைப்பைக் கடைசியாகக் கழற்றி முதலில் மாட்டி, கவிழ்த்த பிறகு அழுத்தத்தை அளக்கும் கருவியை மீண்டும் இருதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பத்து சென்டிமீட்டர் உயர வேறுபாடு ஏழரை மில்லிமீட்டர் பாதரசம் பொய் சொல்லும். தலைமாட்டில் நின்று படிப்பவருக்கு அந்தப் பொய் தெரியாது. உடலை ஒரே கட்டையாகப் புரட்டும்போது கழுத்தைத் தாங்குகிறவர் சொல்லுக்கு மற்றவர் அனைவரும் கட்டுப்பட வேண்டும். தோளிலும் இடுப்பிலும் கை கொடுக்கும் ஊழியர்கள் பெரும்பாலும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இடம்பெறாதவர்கள்; ஆயினும் தாங்கி எங்கே உட்கார வேண்டும் என்பதை நம் முதுநிலை மாணவர்களைவிட அவர்களில் பலர் நன்கு அறிவார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடைசியாக, அரங்கில் யாரும் நினைக்க விரும்பாத அவசர நிலை. கவிழ்ந்து முதுகு திறந்து கிடக்கும் நோயாளியின் இருதயம் நின்றுவிட்டால், மல்லாத்துவதற்கு ஆட்களும் கட்டிலும் வேண்டும்; உலோகத் திருகுகள் பாதி பொருத்தப்பட்டிருக்கும்; நேரமோ வினாடிகளில் அளக்கப்படும். முதுகின் மேலிருந்தே இருதயத்தை அமுக்கலாம் என்று மெக்நீல் 1989இல் எடுத்துரைத்தார். 1992இல் தைவான் மருத்துவர்கள் கவிழ்ந்த நிலையிலேயே இரு நோயாளிகளை உயிர்ப்பித்ததை வெளியிட்டனர். 2003இல் நியூயார்க்கில், வழக்கமான முறை பலிக்காத ஆறு பேரிடம் கவிழ்நிலையில் அமுக்கியபோது இரத்த அழுத்தம் முன்னைவிட உயர்ந்தது. சிறிய ஆய்வுகள்தாம், ஆனாலும் மல்லாத்தும் வரை கைகட்டி நிற்பதற்கு இனி நியாயமில்லை. தோள்பட்டைகளின் நடுவே, முதுகெலும்பில் வெட்டு இருந்தால் அதன் இருபுறமும், உள்ளங்கைகளை வைத்து அமுக்குவதும், கீழிருந்து மார்பெலும்புக்கு ஒருவர் முஷ்டியால் தாங்கு கொடுப்பதும் பயிற்சியினால் கைவரும். இருதய நோயுள்ளவர்களுக்கு மின்னதிர்ச்சித் தகடுகளைக் கவிழ்ப்பதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். பின்னால் மார்பு நமக்கு எட்டாது. நோயாளி வந்த தள்ளுகட்டிலை வார்டுக்குத் திருப்பி அனுப்பாமல், சிகிச்சை முடியும் வரை அரங்கின் வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டும். அதைத் தள்ளி வந்த ஊழியருக்கு அது ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்தும் ஒத்திகையில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இங்குள்ள துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.